மற்றவை என்றொரு கட்டம்

அவளுக்கு என்று ஒரு பெயர் இருந்தது. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலை இருக்கவில்லை. அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் மூக்கக்கா. "மூக்கக்கா சீட்டுல இல்லையா?" என்று அவளிடமே வந்து கேட்பவர்களும் உண்டு. பார்த்தால் சாதாரண மூக்குதான், கொஞ்சம் சின்னது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அந்தப் பெயர் சும்மா வந்ததில்லை.

இருபத்திரண்டு வயதில் நகராட்சியின் பரிசோதனைக் கூடத்தில் பாட்டில் கழுவ வந்தவள். தண்ணீர் மாதிரியும் காற்று மாதிரியும் எடுத்து வருகிற கண்ணாடி பாட்டில்களைச் சோதனை முடிந்ததும் அலசிக் கவிழ்த்து வைக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஒரு நாள் சோதனைக்குப் போகவிருந்த இரண்டு பாட்டில்களைத் தாண்டிப் போனவள் நின்று, "சார், இந்த ரெண்டுலயும் சீட்டு மாத்தி ஒட்டியிருக்கு" என்றாள். வேதியியலாளர் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "மூடியிருக்கிற பாட்டில்ல உனக்கு எப்படித் தெரியும்?" மூடி சரியாக இறுகவில்லை என்றாள். அவர் சோதித்துப் பார்த்தார். அவள் சொன்னதுதான் சரி. அன்றைக்கு வந்தது அந்தப் பெயர்.

அதற்குப் பிறகு சாயங்கால வகுப்பில் படித்தாள், இரண்டு தேர்வுகளில் தோற்றாள், மூன்றாவதில் தேறினாள். மாதிரி எடுப்பவள் ஆனாள். முப்பத்தெட்டாவது வயதில் கள ஆய்வாளர். எங்கேயாவது காற்றில் ஏதாவது நாறுகிறது என்று யாராவது எழுதிப் போட்டால், தோளில் ஒரு பையும் கையில் ஒரு மீட்டருமாகப் போய் நிற்பது அவள்தான்.

பையில் ஒரு நோட்டும் இருக்கும். அது அரசாங்க நோட்டு இல்லை, அவளுடையது. அதில் வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தாள். வீச்சம், நெடி, முடை, கவிச்சி, மொச்சை, ஊசல், காந்தல், மக்கல். ஒவ்வொன்றுக்கும் எதிரே எங்கே முகர்ந்தாள், எப்போது என்று ஒரு வரி. நெடி என்றால் தொண்டையில் ஏற வேண்டும், கண்ணைக் கரிக்க வேண்டும். வீச்சம் அப்படியில்லை, அது தூரத்திலிருந்தே அடிக்கும், கிட்டே போகப் போகப் பழகிவிடும். எந்த நாற்றத்துக்கும் எங்கேயோ ஒரு சொல் இருக்கிறது, பொறுமையாகத் தேடினால் கிடைத்துவிடும் என்று அவள் நம்பினாள். சொல் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதியை மீட்டர் பார்த்துக்கொள்ளும்.

இந்த நம்பிக்கையில் முதல் கீறல் விழுந்தது வீட்டில்தான்.

அவள் புருஷன் நகரப் பேருந்து ஓட்டுநர். ஆறு வருஷத்துக்கு முன்னால் பணிமனையில் பேருந்தின் படியிலிருந்து வழுக்கி விழுந்து பின்மண்டையில் அடிபட்டது. தையல் பிரித்தார்கள், காயம் ஆறியது, மறுபடி வண்டி ஓட்டப் போனார். ஆனால் மோப்பம் திரும்பவில்லை. மூக்கிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பு அறுந்திருக்கும், திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். சாப்பாடு காகிதத்தை மெல்வதுபோல இருக்கிறது என்று ஒரு மாதம் புலம்பினார். பிறகு புலம்பலை நிறுத்திவிட்டு, தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் அவள் முன்னால் வந்து கையைத் தூக்கிக்கொண்டு நிற்க ஆரம்பித்தார்.

"நாறுதா?"

"இல்லைங்க."

"நிஜமா?"

"நாறினா நானே வாசல்ல நிறுத்திட மாட்டேனா?"

ஒரு நாள் மழை பிடித்தது. ஜன்னலருகே உட்கார்ந்திருந்தவர், "இந்த முதல் மழை வாசனை இருக்கே, அது எப்படி இருக்கும்னு மறந்தே போச்சு. உனக்குத்தான் அத்தனை வார்த்தை தெரியுமே, கொஞ்சம் சொல்லேன்" என்றார்.

"மண்ணு நனைஞ்ச வாசனை."

"அது மழைம்மா. மண்ணு நனைஞ்சது எனக்கே தெரியுதே. வாசனையைச் சொல்லு."

அவள் யோசித்தாள். "புதுப் பானையில தண்ணி ஊத்தின மாதிரி."

"அது பானை."

என்ன சொன்னாலும் அவள் ஒரு பொருளைத்தான் காட்டிக்கொண்டிருந்தாள். அதிலிருந்து வருவதைக் காட்ட முடியவில்லை. வாசனை தெரிந்தவனுக்கு அந்தப் பொருளைச் சொன்னால் போதும், மீதியை அவனே நிரப்பிக்கொள்வான். தெரியாதவனுக்கு? அன்றைக்கு அவள் நோட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை புரட்டிப் பார்த்தாள். எல்லாம் பானைகளாகவே இருந்தன.

அந்தக் கீறல் பெரிய விரிசலானது நான்காம் குறுக்குத் தெருவில்.

அந்தத் தெருவில் நாற்பத்தாறு வீடுகள். மேற்குக் கோடியில் செருப்புக்குப் பசை காய்ச்சும் ஒரு பட்டறை. கிழக்குக் கோடியில், உயரமான சுவருக்குப் பின்னால், நகராட்சியின் கழிவுநீர் ஏற்று நிலையம். பம்ப் ஹவுஸ் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்பு வரை பம்ப் ஹவுஸ் நாற்றம் தாங்கவில்லை என்று ஓயாமல் புகார் வந்துகொண்டிருந்தது. அலுவலகம் ஏதோ செய்து அதைச் சரிசெய்துவிட்டது. சாக்கடை நாற்றம் என்ற புகார் அறவே நின்றுபோனது. இப்போது வருவது வேறு.

எழுதியவர் பன்னிரண்டாம் எண் வீட்டு டைப்பிஸ்ட் அம்மா. நீதிமன்றத்தில் முப்பத்தைந்து வருஷம் தட்டச்சு செய்து ஓய்வு பெற்றவர். வீட்டிலும் ஒரு தட்டச்சு இயந்திரம் வைத்திருந்தார். ஓரம் விட்டு, பத்தி பிரித்து, தேதி போட்டு, இதுவரை முப்பத்தொன்பது புகார்கள். கடைசியாக வந்ததில் நாலே வாக்கியம்: "காலையில் வருகிறது. தலை கனக்கிறது. என்னவென்று சொல்லத் தெரியவில்லை. சொல்லத் தெரியாததால் இல்லை என்று ஆகிவிடாது."

அதைப் படித்ததும் அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

புகார்ப் படிவத்தில் 'வாசனையின் வகை' என்று ஒரு பகுதி உண்டு. ஐந்து கட்டங்கள்: சாக்கடை, அழுகல், எரிச்சல், இரசாயனம், மற்றவை. தெரு முழுக்க டிக் போட்டிருந்தது மற்றவையில். முதல் நாள் காலை ஐந்தரைக்கே போய் டைப்பிஸ்ட் அம்மா வீட்டு வாசலில் நின்றாள். ஆறே காலுக்கு வந்தது. முப்பது வருஷத்தில் இப்படியொன்றை முகர்ந்ததே இல்லை. முதலில் இனித்தது. இனிப்புக்குள்ளே ஏதோ செத்துக் கிடந்தது. அதற்கும் உள்ளே சோப்பு. பிரித்துப் பார்க்கலாம் என்று மூச்சை இழுத்தால் பிரியவில்லை. நோட்டைத் திறந்து பேனாவை வைத்தாள். பேனா வைத்த இடத்தில் மைப்புள்ளி பெரிதாகிக்கொண்டே போனது.

மீட்டரைப் பார்த்தாள். ஏழு வாயுக்களுக்கு ஏழு எண்கள். எல்லாம் சைபர்.

அவளுக்கு அது அதிசயமில்லை. கூடத்தில் வேலை பார்த்தவளாயிற்றே. அந்தக் கருவிக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு இருந்தால்தான் கண் தெரியும் என்று ஒரு எல்லை உண்டு. சில வாயுக்களை மூக்கு அதைவிடப் பல மடங்கு குறைவிலேயே பிடித்துவிடும். ஆனால் அறிக்கையில் 'கண்டறிய இயலவில்லை' என்று எழுதினால், படிக்கிறவர்கள் அதை 'இல்லை' என்றுதான் படிப்பார்கள்.

வீடு வீடாகப் போய்க் கேட்டாள். எட்டாம் எண் தையல்காரர், "ஈரத் துணியில இஸ்திரிப் பெட்டி வச்சாப்ல" என்றார். கைக்குழந்தைக்காரி, "யாரோ செத்த வீட்டுல பூ வாடிக் கிடக்கிற மாதிரிக்கா" என்றாள். பள்ளி வேன் ஓட்டுபவர், "புது வண்டி சீட்டு வாசம்" என்றார். டைப்பிஸ்ட் அம்மா மட்டும், "நான் சொல்ல மாட்டேன். சொன்னா தப்பாத்தான் இருக்கும்" என்று வாயை மூடிக்கொண்டார். இருபத்தேழு பேரிடம் இருபத்தேழு பதில். ஒன்றை ஒன்று முறைத்துக்கொண்டு நின்றன.

சரி, வார்த்தை வேண்டாம், எண்ணாகவே கேட்போம் என்று இறங்கினாள். பூஜ்யம் என்றால் ஒன்றுமே இல்லை, பத்து என்றால் தாங்கவே முடியாது, எத்தனை சொல்வீர்கள்? ஒரு வாரம் கேட்டு, கூட்டி, வகுத்தாள். 6.38 வந்தது.

அவளுடைய மேலதிகாரி ஒரு பொறியாளர். கெட்ட மனிதர் இல்லை. உண்மைக்கு எப்போதும் தசமப் புள்ளிக்கு அப்புறம் இரண்டு இலக்கம் இருக்கும் என்று நம்புகிறவர். அதனால் முதுகுக்குப் பின்னால் அவருக்கு 'ரெண்டு டெசிமல்' என்று பெயர். 6.38 ஐப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "இதைத்தானே நான் இத்தனை நாளா கேட்டேன்! இதை வச்சு ஃபைல் ஆரம்பிக்கலாம்."

அவள் அந்தத் தாளைக் கேட்டு வாங்கினாள். "வேண்டாம் சார். இது சரியில்லை."

"ஏன், கணக்கு தப்பா?"

"கணக்கு சரிதான். வேன் ஓட்டறவரு ரெண்டுன்னு சொன்னாரு. சொல்லிட்டு உள்ள போய் வாந்தி எடுத்தாரு. ஆம்பளை பத்துன்னு சொன்னா கேவலமாம். எதிர் வீட்டம்மா தினமும் பத்துன்னாங்க, காத்து திரும்பி நாத்தம் வராத அன்னிக்கும் பத்து. பட்டறைக்காரன் மேல அத்தனை கோபம். இதையெல்லாம் கூட்டி வகுத்தா வர்ற 6.38 எந்த வீட்டுலயும் இல்லை சார்."

"சராசரின்னாலே அப்படித்தாங்க."

"அப்ப அது எனக்கு வேண்டாம்."

கையிலிருந்த ஒரே எண்ணையும் கிழித்துப் போட்டுவிட்டு வெளியே வந்தாள். அன்று சாயங்காலம் வீட்டில் மேஜையில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தாள். புருஷன் பழம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, உன் தெருக்காரங்க இன்னும் ஒத்து வரலையா?"

"இருபத்தேழு பேரும் இருபத்தேழு சொல்றாங்க. எண்ணாக் கேட்டா அதுவும் பொய் சொல்லுது. உங்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை, போங்க."

"எனக்கா?" அவர் சிரித்தார். "எனக்கு எல்லாம் தெரிஞ்சிடும். குப்பை வண்டி நம்ம தெருவுக்குள்ள திரும்பினா சத்தம் கேக்கறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்."

"எப்படிங்க?"

"நீ எழுந்து போய் ஜன்னலை மூடுவே."

அவர் ஒரு துண்டுப் பழத்தை நீட்டினார். அவள் வாங்கவில்லை. எழுந்து போய் நான்காம் குறுக்குத் தெருவின் வரைபடத்தை எடுத்து வந்து மேஜையில் விரித்தாள்.

மறுநாளிலிருந்து யாரையும் எதுவும் கேட்கவில்லை. தெருவின் நடுவில் ஒரு மூடிய கடையின் படியில் உட்கார்ந்துகொண்டு, எந்த வீட்டு ஜன்னல் எத்தனை மணிக்கு மூடுகிறது என்று மட்டும் குறித்தாள். மூன்று காலைகள். கிழக்குக் கோடியில் ஆறு பன்னிரண்டுக்கு முதல் ஜன்னல் சாத்தப்பட்டது. பிறகு ஒவ்வொன்றாக மேற்கு நோக்கி. டப், டப் என்று தெரு முழுக்கக் கதவடைத்துக்கொண்டே போனது. ஆறு பத்தொன்பதுக்குப் பசைப் பட்டறையின் காவல்காரரே மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து பட்டறை ஜன்னலைச் சாத்தினார். தெருவே எந்தப் பட்டறையைத் திட்டிக்கொண்டிருந்ததோ, அங்கேதான் நாற்றம் கடைசியாகப் போய்ச் சேர்ந்தது.

இந்த முறையிலும் ஓட்டை இல்லாமல் இல்லை. தையல்காரர் தினமும் ஆறு மணிக்கே மூடிவிட்டார். கேட்டால், "வரும்னுதான் தெரியுமே, வந்தப்புறம் மூடி என்ன பிரயோசனம்?" என்றார். இருபதாம் எண் வீட்டில் ஆளே இல்லை. அவள் அவற்றையும் மறைக்காமல் ஓரத்தில் எழுதி வைத்தாள்.

நான்காம் நாள் நேரே பம்ப் ஹவுஸ் கதவைத் தட்டினாள்.

உள்ளே ஒல்லியாக ஒரு ஆபரேட்டர். அடையாள அட்டையைக் காட்டியதும் கதவைத் திறந்து விட்டார். தொட்டிக்குப் பக்கத்தில் நீல நிறக் கேன்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பூவின் படம்.

"இது என்னண்ணே?"

"வாசனைத் தைலம். காலைல ஆறு மணிக்கு மோட்டார் போடறதுக்கு முன்னாடி ரெண்டு கேன் தொட்டியில ஊத்தணும். ஆர்டர். அதோ பாருங்க." சுவரில், உறை போட்டு ஒட்டியிருந்தது. கீழே ரெண்டு டெசிமலின் கையெழுத்து.

அவள் தொட்டிக்கு மேலே குனிந்து மூச்சை இழுத்தாள். இங்கே இரண்டும் தனித்தனியாக இருந்தன. கீழே சாக்கடை, மேலே பூ. எண்ணெயும் தண்ணீரும்போல ஒட்டாமல் கிடந்தன. தொட்டிக் காற்றை வெளியே விடும் குழாய் வழியாக வெளியேறி, காற்றில் ஆறிப் பன்னிரண்டாம் எண் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் இரண்டும் கலந்து மூன்றாவதாக ஒன்று ஆகிவிடுகிறது. அதற்கு யாரும் பெயர் வைத்திருக்க முடியாது. அது உலகத்தில் இல்லாமலிருந்து, அலுவலக ஆணையால் பிறந்தது.

அறிக்கை எழுதி மேஜையில் வைத்தாள். பொறியாளர் படித்துவிட்டு அலமாரியிலிருந்து ஒரு வரைபடத்தை எடுத்துக் காட்டினார். "வருஷத்துக்கு அறுபத்துநாலு சாக்கடைப் புகார் வந்துச்சு. அந்த ஆர்டருக்கு அப்புறம் எத்தனை தெரியுமா? சைபர். மேலிடத்துல பாராட்டே வந்துச்சு."

"மற்றவைன்னு ஒரு கட்டம் இருக்கே சார். அதுல மூணு வந்துட்டிருந்துச்சு. இப்ப எழுபத்தொண்ணு."

"அது வேற தலைப்பு."

"தலைப்பு ரெண்டு சார். மூக்கு ஒண்ணுதானே?"

அவர் பேனாவை மூடினார். "மீட்டர் என்ன காட்டுது?"

"சைபர்."

"அப்புறம்?"

"மீட்டருக்குத் தெரியலைன்னு அர்த்தம். இல்லைன்னு அர்த்தமில்லை."

"நாளைக்கு யாராவது கேட்டா நான் என்ன, உங்க மூக்கைக் காட்டறதா?" அறிக்கையின் மேலே சிவப்பு மையில் எழுதினார்: அளவிடத்தக்க ஆதாரம் தேவை.

மூன்று முறை எழுதினாள், மூன்று முறையும் திரும்பி வந்தது. நான்காவதில் ஜன்னல் வரைபடத்தை இணைத்தாள். "ஜன்னல் மூடறதுக்கு ஆயிரம் காரணம் இருக்கும்" என்றார். அதுவும் நியாயம்தான். அவள் மறுக்கவில்லை. "இருக்கும் சார். எழுத்தாலயும் எண்ணாலயும் எனக்கு இதை உங்ககிட்ட கொண்டு வரத் தெரியலை. அது எங்க இருக்கோ அங்க உங்களைத்தான் கூட்டிட்டுப் போகணும். நாளைக்கு வர்றீங்களா?"

நாளைக்கு முடியாது என்றார். மறுநாள் பத்து மணிக்கு அவர் மேஜை முன்னால் போய் நின்றாள். "நாளைக்கு வர்றீங்களா சார்?" அதற்கு மறுநாளும். குரலை உயர்த்தவில்லை, முகத்தைத் தூக்கவில்லை. பதினோரு வேலை நாள். பக்கத்து மேஜைக்காரர்கள் பத்து மணியானால் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்கள். பன்னிரண்டாம் நாள் அவள் வாயைத் திறப்பதற்குள், "வரேன்மா, வரேன். என்னை விட்டுடுங்க" என்றார்.

வந்தார். தேய்த்த சட்டையும், இருப்பதிலேயே புதிய மீட்டரும். டைப்பிஸ்ட் அம்மா ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். அவர் உட்காரவில்லை. ஆறு மணிக்குத் திரையில் 0.00. ஆறு பத்துக்கு 0.00. "ஒண்ணுமில்லையே" என்றார்.

ஆறு பதின்மூன்றுக்கு அவர் பேச்சு நின்றது.

கண்கள் லேசாக விரிந்தன. மீட்டரைப் பார்த்தார். 0.00. ஒரு தட்டுத் தட்டினார். 0.00. நிமிர்ந்தார். எதிர் வீட்டு ஜன்னல் சாத்தப்பட்டது. அடுத்த வீடு. அதற்கடுத்தது. கைக்குழந்தைக்காரி மாடியிலிருந்து அவரைப் பார்த்தபடியே, ஒரு கையில் பிள்ளையோடு, மறு கையால் கதவை இழுத்து அடைத்தாள். பொறியாளர் கைக்குட்டையைத் தேடினார்.

அவள் பையிலிருந்து ஒரு புகார்ப் படிவத்தை எடுத்து நீட்டினாள். "வகையில டிக் பண்ணுங்க சார்."

அவர் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்து கட்டங்களையும் மேலும் கீழுமாகப் பார்த்தார். "இது வந்து... சென்ட் அடிச்ச ஒரு..." நிறுத்தினார். "பூவுக்குள்ள ஏதோ..." மறுபடி நிறுத்தினார்.

"முடிங்க சார்" என்றார் டைப்பிஸ்ட் அம்மா. "மூணு வருஷமா நானும் அந்த வாக்கியத்தைத்தான் முடிக்கப் பார்க்கறேன்."

பொறியாளர் பேனாவை எடுத்து மற்றவையில் டிக் போட்டார். அந்தப் படிவத்தை வடிவமைத்தவரே அவர்தான்.

"ஊத்தறதை நிறுத்தினா என்ன ஆகும்?" என்று கேட்டார்.

"நாறும் சார். பேர் சொல்லி நாறும்."

அன்றே ஆணையைத் திரும்பப் பெற்றார். அதற்கப்புறம் வந்ததுதான் சோதனை. பூ போனதும் சாக்கடை தன் சொந்த முகத்தோடு தெருவுக்குள் வந்தது. ஒரு மாதத்தில் நூற்றுப்பன்னிரண்டு புகார்கள். எல்லாவற்றிலும் சாக்கடைக் கட்டத்தில் அழுத்தி அழுத்தி டிக். அவள் தெருவுக்குள் நுழைந்தால் போதும், தையல்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுப் பிடித்துக்கொள்வார். "உங்களைக் கூப்பிட்டது எங்க தப்புதான். முன்னாடி இருந்ததே தேவலை. அதையாவது என்னன்னு தெரியாம சகிச்சுட்டிருந்தோம்."

"இன்னும் கொஞ்ச நாள் பொறுங்கண்ணே."

"கொஞ்ச நாள்னா எத்தனை நாள்?"

அவளுக்குத் தெரியாது. தெரியாது என்றே சொன்னாள். அவர் திட்டினார், கேட்டுக்கொண்டாள், மறுநாளும் போனாள். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு முறை அழுதாள். அது பொறியாளருக்கும் தெரியாது, தெருவுக்கும் தெரியாது.

ஆனால் இப்போது மேலிடத்துக்குப் புரிகிற மொழியில் விஷயம் நின்றது. பொறியாளர் தன்னைப் பாராட்டிய அதே அதிகாரிகள் முன்னால், சைபரிலிருந்து நூற்றுப்பன்னிரண்டுக்குச் செங்குத்தாக ஏறுகிற கோட்டைக் கொண்டுபோய் வைத்தார். "அந்த சைபர் என்னோட தப்பு" என்று சொன்னதாக அவருடைய ஜீப் ஓட்டுநர் மூலம் அலுவலகத்துக்குச் செய்தி வந்தது. ஐந்து மாதம் கழித்து பம்ப் ஹவுஸ் குழாயின் தலையில் கரி நிரப்பிய ஒரு வடிகட்டி ஏறியது. நாற்றம் மெலிந்தது. ஜன்னல்கள் திறந்தே கிடக்க ஆரம்பித்தன. தையல்காரர் ஒரு வாரம் அவள் முகத்தைப் பார்க்காமல் இருந்துவிட்டு, பிறகு ஒரு நாள் தானாக வந்து பைக்கு வார் தைத்துக் கொடுத்தார்.

படிவமும் மாறியது. வகை என்ற பகுதியையே எடுத்துவிட வேண்டும் என்றாள் அவள். எடுத்தால் எதை வைத்து எண்ணுவது என்றார் பொறியாளர். இரண்டு நாள் வாக்குவாதம். கடைசியில் ஐந்து கட்டங்களும் இருந்தன, அதன் கீழே நான்கு வெற்றுக் கோடுகளும் வந்தன. கோடுகளுக்கு மேலே அவள் வாக்கியம்: 'அது வந்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள்?' இந்தக் கோடுகளில் எழுதப்படுவதை எந்தப் பட்டியலிலும் கூட்ட முடியாது. உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டும். அவள் படித்தாள்.

அடுத்த மழைக்காலத்தில் டைப்பிஸ்ட் அம்மாவிடமிருந்து மறுபடி ஒரு தாள் வந்தது. "குறைந்திருக்கிறது. போகவில்லை. ஈரக் காற்று வீசும் நாட்களில் நூல்போல ஒன்று மிச்சம் இருக்கிறது." அலுவலகத்தில் சிலர் சிரித்தார்கள். அந்த அம்மாவுக்கு வேறு வேலை இல்லை என்றார்கள். மூக்கக்கா போனாள். முதல் காலை ஒன்றுமில்லை. இரண்டாம் காலையும் இல்லை. மூன்றாம் காலை, தூறல் விட்ட சமயத்தில், வந்தது. இழை மாதிரி. மூச்சை இழுப்பதற்குள் போய்விட்டது. மீட்டரில் 0.00. வார்த்தை தேடி நோட்டை அவள் திறக்கக்கூட இல்லை.

அறிக்கையில் அளவு என்ற இடத்தில் எழுதினாள்: "கருவிக்குத் தெரியவில்லை. இருக்கிறது."

சிவப்பு மையோடு திரும்பும் என்று அலுவலகமே எதிர்பார்த்தது. திரும்பவில்லை. 'ஆய்வாளர் நேரில் உணர்ந்தது. கரியை ஆறு மாதத்துக்குப் பதில் மூன்று மாதத்தில் மாற்றவும்' என்று எழுதிப் பொறியாளர் கையெழுத்துப் போட்டிருந்தார்.

கரி மாற்றுகிற அன்று அவள் போனாள். யாரும் வரச் சொல்லவில்லை. ஆபரேட்டர் ஏணியின் மேல் நின்று மூட்டைகளை அவிழ்த்துக் கொட்டிக்கொண்டிருந்தார். அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பக்கத்து ஏணியில் ஏறினாள்.

"உங்களுக்கு இங்க என்னக்கா வேலை? துணியெல்லாம் கரியாயிடும்."

அவள் வடிகட்டிப் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவினாள். ஒரு மூலையில் முழங்கை வரை இறங்கியது.

"இந்தப் பக்கம் பள்ளமா இருக்குண்ணே. காத்து இதுக்குள்ளயே பூந்து போயிடும்."

"கணக்குக்குப் பத்து மூட்டைதான். பத்தும் கொட்டியாச்சு."

"இன்னொண்ணு எடுங்க" என்றாள் அவள், கையை எடுக்காமல்.